பழைய மஸ்டாங்குக்குப் பவர் ஸ்டியரிங்

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் போய் "பவர் ஸ்டியரிங் போடப் போகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். "அப்புறம் எதுக்கு சார் பழைய வண்டி?" என்பார்கள். மீதிப் பேர் "எந்த பாக்ஸ், எந்த பம்ப்?" என்று கேட்பார்கள். (பாக்ஸ் என்பது ஸ்டியரிங் தண்டின் சுழற்சியைச் சக்கரம் திருப்பும் அசைவாக மாற்றும் கியர் பெட்டி; பம்ப் என்பது அதற்கு உதவும் ஆயிலை அழுத்தித் தள்ளுவது.) இது அந்த இரண்டாவது கூட்டத்துக்காக எழுதுவது. முதல் கூட்டத்துக்கும் கடைசியில் கொஞ்சம் பதில் வைத்திருக்கிறேன்.

என்னுடையது 1966 ஃபோர்டு மஸ்டாங். 289 கன அங்குல வி8 எஞ்சின், மேனுவல் கியர், மேனுவல் ஸ்டியரிங். ஓடும்போது குறை சொல்ல ஒன்றுமில்லை. நின்ற இடத்தில் திருப்பினால்தான் அதன் சுயரூபம் தெரியும். என் மனைவி என்னைவிட நன்றாக வண்டி ஓட்டுவாள். நெடுஞ்சாலையில் இந்த வண்டியைக் கேட்டு வாங்கி ஓட்டுவாள். வண்டியை நிறுத்தும் இடம் வந்ததும், "உள்ளே போட்டு எடுக்கிறதெல்லாம் உங்க வேலை" என்று இறங்கிவிடுவாள். தோள்பட்டை வலி எனக்கும் வர ஆரம்பித்த பிறகுதான் இந்த வேலையைப் பற்றித் தீவிரமாக யோசித்தேன்.

ஏன் இவ்வளவு கனம்? வண்டி ஏறக்குறைய 1,300 கிலோ. அதில் பாதிக்கு மேல் முன் சக்கரங்களின் தலையில். சக்கரம் உருண்டுகொண்டிருந்தால் டயர் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே திரும்பிக்கொள்ளும். நின்றுகொண்டிருந்தால் தரையில் அழுந்தியிருக்கும் ரப்பரை அப்படியே முறுக்கி இழுக்க வேண்டும். அந்த பலம் முழுக்க நம் கையிலிருந்துதான் வர வேண்டும்.

இது அந்தக் காலத்துப் பொறியாளர்களுக்குத் தெரியாததல்ல. அவர்கள் நான்கு இடங்களில் இதற்கு ஈடுகட்டியிருந்தார்கள். ஒன்று, ஸ்டியரிங் விகிதம். மேனுவல் மஸ்டாங்கில் மொத்த விகிதம் சுமார் 27-க்கு 1. அதாவது முன் சக்கரம் 1 டிகிரி திரும்ப ஸ்டியரிங் வீலை 27 டிகிரி சுற்ற வேண்டும். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம்தான் குறைவு. இரண்டு, பெரிய ஸ்டியரிங் வீல்: 16 அங்குலம். நெம்புகோல் நீளமாக இருந்தால் கைக்குச் சுலபம். மூன்று, ஒல்லியான பழைய வகை டயர். நான்கு, காஸ்டர் கோணத்தைக் கிட்டத்தட்ட சுழியத்தை ஒட்டி வைத்திருந்தார்கள். இந்த நான்காவது விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். என்னைக் கேட்டால் இந்த வேலையின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

பின்னால் வந்த நாம் என்ன செய்தோம்? அகலமான ரேடியல் டயர் போட்டோம். பார்க்க நன்றாக இருக்கிறதென்று 14 அங்குல ஸ்டியரிங் வீல் மாட்டினோம். அவர்கள் நான்கு பக்கம் கட்டிய ஈட்டில் இரண்டை நாமே அவிழ்த்துவிட்டு, ஸ்டியரிங் கனமாக இருக்கிறது என்று புலம்புகிறோம்.

அதனால் பம்ப், பாக்ஸ் என்று இறங்குவதற்கு முன்னால் இருக்கும் கனத்தில் எது நியாயமானது, எது அநியாயமானது என்று பார்த்துவிட வேண்டும். முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, டை ராடை (ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பி) கழற்றிவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் திருப்பிப் பாருங்கள். வெண்ணெய் மாதிரித் திரும்ப வேண்டும். எங்காவது பிடித்தால் பால் ஜாயின்ட் (சக்கரம் திரும்ப இடம்தரும் உருண்டை மூட்டு) காய்ந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். பால் ஜாயின்டுக்குப் பதில் கிங் பின் என்ற தடித்த முளை வைத்த வண்டிகளில் இது இன்னும் அதிகம். பல வருடம் கிரீஸ் பார்க்காத கிங் பின் ஒன்றே போதும், ஸ்டியரிங்கைக் கல்லாக்க. டயர் காற்று, பாக்ஸில் ஆயில், ஸ்டியரிங் காலம் (ஸ்டியரிங் தண்டைத் தாங்கும் குழாய்) புஷ்ஷிங் எல்லாம் பார்த்த பிறகும் கனமாகத்தான் இருக்கிறதென்றால், சரி, பவருக்குப் போகலாம். இதையெல்லாம் பார்க்காமல் பவர் போட்டால், காய்ந்துபோன ஜாயின்டை ஹைட்ராலிக் அழுத்தத்தால் நெரிப்பதுதான் நடக்கும். நமக்கு லேசாக இருக்கும், ஜாயின்ட் சாகும்.

பவர் ஸ்டியரிங் ஒன்றும் புதிய சங்கதி இல்லை. பியர்ஸ்-ஏரோ நிறுவனத்தில் வேலை பார்த்த ஃபிரான்சிஸ் டேவிஸ் 1926-லேயே ஹைட்ராலிக் ஸ்டியரிங்கைக் காரில் பொருத்தி ஓட்டிக் காட்டிவிட்டார். விலைக்குப் பயந்து கார் கம்பெனிகள் ஒதுக்கி வைத்தன. போர்க்காலத்தில் ராணுவ வண்டிகளில் நுழைந்து, 1951-இல் கிரைஸ்லர் இம்பீரியலில்தான் முதல்முறையாகக் கடைக்கு வந்தது. அதற்குள் டேவிஸின் காப்புரிமைகள் காலாவதியாகியிருந்தன. ஆக, 60-களின் கார்கள் பலவற்றில் இது காசு கொடுத்தால் கிடைக்கும் கூடுதல் வசதி. என் வண்டியை முதலில் வாங்கியவர் அந்தக் காசைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன.

முதல் வழி, அந்தக் காலத்து மஸ்டாங்குக்குத் தொழிற்சாலையிலேயே கொடுத்த முறை. இதில் ஸ்டியரிங் பாக்ஸ் சாதாரண பாக்ஸ்தான். நடுவில் இருக்கும் இணைப்புத் தண்டில் ஒரு வால்வைத் தொங்கவிட்டு, அந்தத் தண்டுக்கும் சேஸிக்கும் நடுவே ஒரு ஹைட்ராலிக் சிலிண்டரைக் கட்டியிருப்பார்கள். பம்பிலிருந்து வால்வுக்கு இரண்டு ஹோஸ், வால்விலிருந்து சிலிண்டருக்கு இரண்டு ஹோஸ். எல்லாம் வண்டிக்கு அடியில், சேறும் கல்லும் படும் இடத்தில். ஒழுகாத ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. வால்வின் நடுநிலை கொஞ்சம் பிசகினால் வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கும். அச்சு அசலாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இதுதான் வழி. எனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது, இன்டெக்ரல் பாக்ஸ். வால்வும் பிஸ்டனும் பாக்ஸுக்குள்ளேயே அடங்கிவிடும்; ஹோஸ் இரண்டே இரண்டு. மூன்றாவது, மின்சார மோட்டார் வைத்த ஸ்டியரிங் காலம். இந்த மூன்றாவது வழி நல்ல வழிதான், சின்ன வண்டிகளுக்கு மிக நல்ல வழி. அதற்குத் தனியாக வருகிறேன். நான் இரண்டாவதை எடுத்தேன்.

இன்டெக்ரல் பாக்ஸுக்குள் நடப்பதைத் தெரிந்துவைத்துக்கொண்டால் பிறகு வரும் எல்லாமே புரியும். ஸ்டியரிங் தண்டுக்கும் உள்ளே இருக்கும் வார்ம் கியருக்கும் நடுவில் விரல் கனம்கூட இல்லாத ஒரு டார்ஷன் பார், அதாவது முறுக்குக் கம்பி, இருக்கிறது. நாம் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் முரண்டு பிடித்தால் இந்தக் கம்பி சில டிகிரி முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கல்தான் வால்வைத் திறக்கிறது. எந்தப் பக்கம் முறுக்கலோ அந்தப் பக்கம் ஆயில் பாய்ந்து பிஸ்டனைத் தள்ளும். முறுக்கல் தீர்ந்ததும் வால்வு மூடிக்கொள்ளும். நேராகப் போகும்போது ஆயில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே உதவி எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கம்பி எவ்வளவு விறைப்பு என்பதுதான். மெல்லிய கம்பி என்றால் ஒற்றை விரலில் சுற்றலாம், ஆனால் சாலை கைக்குத் தெரியாது. கம்பி தடித்தால் கைக்குக் கொஞ்சம் எதிர்ப்பு மிஞ்சும். பாக்ஸ் வாங்கும்போது எல்லோரும் கேட்பது "வண்டிக்குப் பொருந்துமா?" என்பதை மட்டும். "உள்ளே கம்பி எந்த அளவு?" என்றும் கேட்க வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். பாக்ஸைச் சேஸியில் மாட்டுவது ஒரு மாலை வேலை. எக்ஸாஸ்ட் குழாய்க்கும் கிளட்ச் லிங்கேஜுக்கும் இடிக்காமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். புது பாக்ஸ் பழையதைவிடக் குண்டு. பிட்மன் ஆர்ம் (பாக்ஸிலிருந்து இணைப்புத் தண்டைத் தள்ளும் கை) பொருந்தும் தண்டின் கனமும் பற்களும் பாக்ஸுக்கு பாக்ஸ் மாறும், அதையும் முன்கூட்டியே ஒத்துப்பார்க்க வேண்டும். இவையெல்லாம் அளவெடுத்தால் முடிந்துபோகிற விஷயங்கள்.

என் தூக்கத்தைக் கெடுத்தது ஸ்டியரிங் தண்டுதான். 1965, 66 மஸ்டாங்கில் ஸ்டியரிங் வீலிலிருந்து பாக்ஸ் வரைக்கும் ஒரே இரும்புத் தண்டு. நடுவில் இணைப்பே கிடையாது. முன்னால் பலமாக இடித்தால் அந்தத் தண்டு நேராக ஓட்டுபவரின் நெஞ்சுக்குத்தான் வரும். அமெரிக்காவில் 1968-இலிருந்துதான், மோதினால் மடங்கிக்கொள்ளும் ஸ்டியரிங் காலம் சட்டப்படி கட்டாயமானது. இன்டெக்ரல் பாக்ஸ் போட வேண்டுமென்றால் இந்த நீளத் தண்டை வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டுவது என்றதும் அசல் பிரியர்கள் அலறுவார்கள். இந்த ஒரு வெட்டை நான் சந்தோஷமாகவே செய்தேன்.

வெட்டிய இடத்தில் யுனிவர்சல் ஜாயின்ட், அதாவது வளைந்த கோணத்திலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு, வரும். அதற்குச் சில கண்டிப்பான விதிகள் உண்டு. ஒரு ஜாயின்டின் வளைவு 30, 35 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. இரண்டு ஜாயின்ட் போட்டால் இரண்டின் கவைகளும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டியரிங் ஒரு சுற்றில் இரண்டு இடத்தில் கனத்து, இரண்டு இடத்தில் லேசாகும். மூன்று ஜாயின்ட் என்றால் நடுவில் தாங்கு பேரிங் ஒன்று கட்டாயம். அப்புறம், ஜாயின்டைத் தண்டோடு பிடித்துவைக்கும் திருகான செட் ஸ்க்ரூ. தண்டின் மேல் சும்மா இறுக்கினால் அது நிற்காது. ஜாயின்டைத் தண்டில் பொருத்தி, திருகு வரும் இடத்தை அடையாளம் வைத்து, கழற்றி, அந்த இடத்தில் டிரில்லால் ஒரு சின்னக் குழி பறித்து, திருகின் முனை அந்தக் குழியில் போய் உட்காரும்படி இறுக்கி, திரெட் லாக்கர் விட்டு, மேலே லாக் நட் போட வேண்டும். எங்கள் மெக்கானிக் இதை முடித்துவிட்டு நட்டின் மேலும் ஜாயின்டின் மேலும் சேர்த்து மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுத்தார். "நட்டு நகர்ந்தா கோடு உடையும் சார், பானெட்டைத் திறக்கும்போதெல்லாம் ஒரு பார்வை பார்த்துக்குங்க" என்றார். இன்றைக்கும் பார்க்கிறேன்.

பம்புக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கிராங்க் புல்லியில் கூடுதலாக ஒரு பள்ளம் வேண்டும். பம்ப் புல்லியும் அதுவும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று நேரான இரும்புப் பட்டையை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு சில மில்லிமீட்டர் பிசகினாலும் பெல்ட் கத்தும்.

ஆயில் ஊற்றி ஏர் எடுப்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். முன் சக்கரங்கள் தரையில் படாமல் தூக்கிவைத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமலே, ஸ்டியரிங்கை மெதுவாக ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் ஒடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆயில் டப்பாவில் குமிழ்கள் வரும், ஆயில் இறங்கும், ஊற்ற வேண்டும், மறுபடி ஒடிக்க வேண்டும். குமிழ் நின்ற பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும். குமிழ் இருக்கும்போதே எஞ்சினை ஓடவிட்டால் பம்ப் அதை அடித்து நுரையாக்கிவிடும். சிவப்பு ஆயில் வெளிர் ரோஸ் நிறத்துக்கு மாறி, பம்ப் முனகத் தொடங்கும். அப்படி ஆனால் பதறாமல் அணைத்துவிட்டு, நுரை தானாக அடங்கும்வரை விட்டுவிட வேண்டும். அப்புறம் ஒரு விஷயம், கோடிவரை ஒடித்து அங்கேயே அழுத்திப் பிடிக்காதீர்கள். அந்த இடத்தில் பம்ப் உச்ச அழுத்தத்தில் திணறும், ஆயில் கொதிக்கும்.

எல்லாம் முடிந்ததும் வேண்டுமென்றே வீல் அலைன்மென்டில் டோ-இன் (முன் சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கி நிற்கும் அளவு) தவிர வேறு எதையும் தொடாமல் வண்டியை வெளியே எடுத்தேன். பழைய கோணங்களோடு பவர் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஆசை. நிறுத்துமிடத்தில் அற்புதம். நெடுஞ்சாலையில் மனைவி ஓட்டினாள். கொஞ்ச நேரம் பேசாமல் ஓட்டினாள். பிறகு, "கையில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்குங்க. முன்னாடி இதைவிட நல்லா இருந்துச்சு" என்றாள்.

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பவர் போட்டும் வண்டி பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தில் நின்றுவிட்டவர்கள்.

முன் சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ, அந்த அச்சைப் பக்கவாட்டில் பார்த்தால் மேல்முனை பின்னால் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுதான் காஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதும் இதே சங்கதிதான்; கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். சாய்வு கூடக் கூட, திருப்பிய சக்கரம் தானாக நேருக்கு வரத் துடிக்கும். வேகத்தில் வண்டி நேர்கோட்டைப் பிடித்துக்கொள்ளும். விலை என்னவென்றால், திருப்புவதற்குக் கூடுதல் பலம் வேண்டும். கையாலேயே திருப்ப வேண்டிய காலத்தில் அந்த விலையைக் கொடுக்க முடியாது. அதனால்தான் சுழியத்தை ஒட்டி வைத்தார்கள். மேனுவல் பாக்ஸில் இருந்த உராய்வும் கனமுமே வண்டியை ஓரளவு நேராகப் பிடித்துவைத்திருந்தன. பவர் வந்து அந்தக் கனத்தை எடுத்ததும் வண்டியை நேராக வைக்க எதுவுமே மிச்சமில்லை. "கையில் ஒண்ணுமே இல்லை" என்றது அதைத்தான்.

இந்த மாடல் மஸ்டாங்கில் சக்கரத்தை மேல்பக்கம் பிடித்திருக்கும் மேல் கன்ட்ரோல் ஆர்ம் இரண்டு போல்ட்டில் நிற்கிறது. ஒவ்வொரு போல்ட்டிலும் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். இரண்டிலும் சமமாகக் கூட்டினால் குறைத்தால் கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) மாறும். ஒன்றில் கூட்டி மற்றதில் குறைத்தால் காஸ்டர் மாறும். தகடு தகடாக மாற்றி, காஸ்டரை இரண்டரை டிகிரிக்குக் கொண்டுவந்தோம். அலைன்மென்ட் போடுபவர், "புத்தகத்தில் இப்படிப் போடலையே சார்" என்று தயங்கினார். புத்தகம் எழுதியது ஒல்லி டயருக்கும் மேனுவல் பாக்ஸுக்கும் என்று சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது. இதில் ஒரு கூடுதல் லாபமும் உண்டு. காஸ்டர் அதிகமாக இருந்தால் வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கிச் சாய்ந்து தரையை நன்றாகக் கவ்வும். பவர் ஸ்டியரிங் கொடுத்த உண்மையான பரிசு இதுதான் என்பேன். நிறுத்துமிடத்துச் சுகம் கொசுறு.

அதற்கு மேலும் மிச்சமிருந்த லேசைப் பம்ப் பக்கம் சரிசெய்தோம். பொதுவாகப் பழைய வகைப் பாக்ஸ்களுக்கு நிமிடத்துக்குச் சுமார் 11 லிட்டர் ஓட்டம் வேண்டும். பாக்ஸுக்குப் பதில் பல்தண்டும் பல்சக்கரமும் வைத்த ரேக் அண்ட் பினியனுக்கு ஏழரை லிட்டர் போதும். பாக்ஸுக்கான பம்பை எடுத்து ரேக்குக்குக் கொடுத்தால் தும்மினாலே வண்டி பாதை மாறும். ஓட்டத்தை அளக்கும் துளை பம்பின் வெளிவாயிலில் இருக்கிறது. அதைச் சற்றுச் சிறிய துளை உள்ளதாக மாற்றினோம். இதற்கு மேல் குறைத்தால் சட்டென்று ஒடிக்கும்போது பம்ப் பின்தங்கி, ஸ்டியரிங் நடுவில் கல்லாகும். ஒரு எல்லை இருக்கிறது.

இப்போது விகிதமும் மாறியிருக்கிறது. முன்பைவிடக் குறைவாகச் சுற்றினால் போதும். அந்தக் காலத்துப் பவர் மஸ்டாங்குகளில் மொத்த விகிதம் சுமார் 22-க்கு 1. நான் போட்டதும் அதற்கு நெருக்கமானதுதான். இதில் ஒரு எச்சரிக்கை. எஞ்சின் அணைந்துவிட்டால் இந்த ஸ்டியரிங் பழைய மேனுவலைவிடக் கனமாக இருக்கும். நெம்புகோல் சுருங்கிவிட்டது, கூடவே ஆயிலையும் கையால் தள்ள வேண்டும். வீட்டில் வண்டியைத் தொடும் எல்லோருக்கும் இதைச் சொல்லிவையுங்கள். கார்புரேட்டர் வண்டி என்பதால் நின்ற இடத்தில் ஒடிக்கும்போது எஞ்சின் மூச்சுத் திணறும். ஐடில் வேகத்தைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும்.

மின்சார முறைக்கு வருகிறேன் என்று சொன்னேன். 1988-இல் சுஸுகி செர்வோவில் வந்த இந்தச் சங்கதி இன்று பெரும்பாலான புதிய கார்களில் இருக்கிறது. பழைய வண்டிக்காரர்கள் ஓபல் கோர்சாவின் ஸ்டியரிங் காலத்தைக் கழற்றி மாட்டுவது உலகம் முழுக்க நடக்கிறது. டாஷ்போர்டுக்குக் கீழே ஒளிந்துகொள்ளும். பானெட்டைத் திறந்தால் ஒன்றுமே மாறவில்லை என்று சத்தியம் செய்யலாம். ஒழுகாது, பெல்ட் வேண்டாம். எம்ஜிபி, மோரிஸ் மைனர் போன்ற ரேக் வைத்த சின்ன வண்டிகளுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். ஆனால் மோட்டார் திணறும்போது 40, 50 ஆம்பியர்வரை இழுக்கும். பழைய டைனமோ தாங்காது, ஆல்டர்னேட்டர் வேண்டும். வண்டி 6 வோல்ட் என்றாலோ, பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் எர்த் ஆகியிருந்தாலோ முதலில் வயரிங்கையே மாற்றியாக வேண்டும். இன்னொன்று, மோட்டார் ஸ்டியரிங் காலத்தில் இருப்பதால் அதன் பலம் முழுக்கப் பழைய பாக்ஸ் வழியாகத்தான் போகும். பிளே விழுந்த பாக்ஸை அது குணப்படுத்தாது.

இப்போது முதல் கூட்டத்துக்கு. அரிதான வண்டி, எஞ்சின் நம்பர், சேஸி நம்பர் எல்லாம் அசலாகப் பொருந்திய வண்டி என்றால் நீங்கள் சொல்வதுதான் நியாயம், தண்டில் ரம்பத்தை வைக்காதீர்கள். மஸ்டாங் லட்சக்கணக்கில் செய்யப்பட்ட வண்டி. பழைய பாக்ஸையும் வெட்டிய தண்டையும் கிரீஸ் பூசிச் சாக்கில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். அசல் வேண்டும் என்று நாளைக்கு யாராவது வந்தால், தண்டு ஒன்றைத் தேடிக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் இருக்கிறது. ஆனால் வாரத்தில் ஓரிரு நாள்கூட வெளியே வராமல் போர்வைக்குள் கிடக்கும் அசலைவிட, ஓடுகிற வண்டி எனக்குப் பிடிக்கும்.

மனைவி இப்போது நிறுத்துமிடத்திலும் சாவியைத் தருவதில்லை. இன்னும் கொஞ்சம் கனம் இருக்கலாம் என்பது அவள் கட்சி. போதும் என்பது என் கட்சி. தடித்த டார்ஷன் பார் போட்ட பாக்ஸ் ஒன்று கிடைக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.